வீட்டுக்குப் பின்னால் டவர் எழும்பினால்: மின்காந்தப் புலமும் உடல்நலமும் பற்றித் தேடுவோருக்கு

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவுக்குப் பின்னாலிருந்த தென்னங்காணியில் கைத்தொலைபேசி டவருக்குக் கிடங்கு வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து என் தங்கைக்கு நித்திரை இல்லை. அவளின் மகளுக்கு அப்போது 7 வயது. பிள்ளை படுக்கும் அறையின் யன்னலைத் திறந்தால் நேரெதிரே டவர். ஒழுங்கையில் ஒருவர் மூளையில் கட்டி வரும் என்றார். இன்னொருவர் இரத்தப் புற்றுநோய் என்றார். வேலைத்தளத்துக்கு வந்தவரிடம் கேட்டால், "ஒன்றும் வராது அம்மா, பயப்படாதீங்கோ" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிவிட்டார். "அக்கா, நீ படிச்சனீ, நீ பார்த்துச் சொல்லு" என்று தங்கை என்னிடம் பொறுப்பைத் தந்தாள்.

எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. அதில் எட்டு மாதம் வீணாகப் போனது. பிழையான இடத்துக்குக் கடிதம் போட்டேன், பிழையான கருவியை நம்பினேன், அலகு விளங்காமல் அழுதிருக்கிறேன். சரியான வரிசையில் செய்தால் மூன்று மாதத்தில் முடிகிற வேலை இது. நீங்கள் அந்த எட்டு மாதத்தை இழக்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். டவருக்கு மட்டுமல்ல, வீட்டு மதிலோடு நிற்கும் ட்ரான்ஸ்போமருக்கும், கூரைக்கு மேலால் போகும் உயர் அழுத்தக் கம்பிக்கும் இதே வழிதான்.

1. எதையும் வாசிக்க முன்னர் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள்

"டவரால் நோய் வருமா?" என்பது தேடக்கூடிய கேள்வி அல்ல. நான் அதைத்தான் கூகுளில் தட்டினேன். ஆயிரக்கணக்கில் பக்கங்கள் வந்தன. பாதி பயமுறுத்தின, பாதி தாலாட்டின.

தாளில் நான்கு விடயம் இருக்கவேண்டும்: மின்காந்தப் புலம் (கரண்டும் அன்டெனாவும் தம்மைச் சுற்றிப் பரப்பும் மின், காந்தத் தாக்கம்) எதிலிருந்து வருகிறது, அதன் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை தரம் அதிர்கிறது) என்ன, எவ்வளவு தூரத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறோம், எந்த நோயைப் பற்றிப் பயப்படுகிறோம். எங்கள் தாளில் கடைசியில் இப்படி இருந்தது: "கைத்தொலைபேசி டவர், ரேடியோ அலை, படுக்கையறையிலிருந்து 70 மீட்டர், இரவு பத்து மணித்தியாலம், சிறுபிள்ளை, இரத்தப் புற்றுநோய்." இதை எழுதியபிறகுதான் தேடல் தேடலாக மாறியது.

அதிர்வெண்ணில் கவனமாக இருங்கள். எங்கள் வீட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. மின்கம்பி, ட்ரான்ஸ்போமர், மீட்டர் பெட்டி, மின்விசிறி எல்லாம் அந்தக் குடும்பம். கைத்தொலைபேசியும் டவரும் வைஃபையும் பல நூறு மெகாஹேர்ட்ஸிலிருந்து சில கிகாஹேர்ட்ஸ் வரையான ரேடியோ அலைகள். இரண்டும் மின்காந்தப் புலம்தான்; ஆனால் உடலில் செய்வது வேறு, அளக்கும் கருவி வேறு, ஆய்வுகளும் வேறு. ட்ரான்ஸ்போமர் பற்றிய ஆய்வை டவருக்கு எடுத்துக் காட்டினால் எதிரில் இருப்பவர் உங்கள் கடிதத்தை அங்கேயே மூடிவைத்துவிடுவார்.

இரண்டுமே எக்ஸ்ரே போன்றவை அல்ல. எக்ஸ்ரேக்கும் காமா கதிருக்கும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் சக்தி உண்டு. அதை அயனாக்கும் கதிர்வீச்சு என்பார்கள். ரேடியோ அலைக்கு அந்தச் சக்தி இல்லை. அதன் செறிவு மிகக் கூடினால் உடற்திசு சூடாகும். அது நன்கு நிறுவப்பட்ட பாதிப்பு. அதற்குக் கீழான அளவில் வேறேதும் நடக்கிறதா என்பதுதான் இன்றுவரை ஆராயப்படுகிறது. நான் முதல் கடிதத்தில் வெறுமனே "கதிர்வீச்சு" என்று எழுதி, அணுக்கதிர் விடயங்களைப் பார்க்கும் ஓரிடத்துக்கு அனுப்பினேன். "இது எங்கள் பொறுப்பில் இல்லை" என்று பதில் வர ஆறு கிழமை போயிற்று.

2. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டை வரைந்து முடியுங்கள்

தொலைபேசியில் இருக்கும் வரைபடச் செயலியில் டவருக்கும் படுக்கைக்கும் இடையிலான தூரத்தை அளக்கலாம். வீட்டின் திட்டத்தைக் கொப்பியில் வரைந்து, கட்டில், மேசை, மீட்டர் பெட்டி, வைஃபை ரௌட்டர், ட்ரான்ஸ்போமர் எல்லாவற்றையும் குறியுங்கள்.

டவரின் அடி மிக மோசமான இடம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. அன்டெனா தன் கற்றையை ஏறக்குறையக் கிடையாக, சற்றுக் கீழே சரித்து அனுப்புகிறது. அந்தக் கற்றை நிலத்தைத் தொடுவது பொதுவாக அடியில் அல்ல, 50 முதல் 300 மீட்டர் தள்ளி. நீண்ட பெட்டிபோலத் தொங்கும் அன்டெனாக்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் செறிவு ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். சுவரும் ஓடும் இன்னும் குறைக்கும்.

வீட்டுக்குள் இருப்பதையும் மறக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி தலைமுடி உலர்த்தும் கருவியை 3 சென்றிமீட்டரில் வைத்தால் காந்தப்புலம் 6 முதல் 2000 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). 30 சென்றிமீட்டருக்குத் தள்ளினால் 0.01 முதல் 7 வரை. ஒரு முழங்கூட இல்லாத தூரம் செய்கிற வேலை அது. கைத்தொலைபேசியும் அப்படித்தான். காதோடு ஒட்டிய தொலைபேசி தலைக்குக் கொடுப்பது, ஊர் டவர் கொடுப்பதைவிடப் பொதுவாக மிக அதிகம். சிக்னல் குறைந்த இடத்தில் தொலைபேசி தன் சக்தியைக் கூட்டும். டவர் தூரத்தில் இருந்தால் காதில் இருப்பது கூடுதலாக உழைக்கிறது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாலு மாதம் சென்றது. தங்கை நம்ப இன்னும் இரண்டு மாதம்.

ஒரு எச்சரிக்கை, நம் ஊருக்கென்றே. திருகோணமலையில் கடற்படையும் விமானப்படையும் இல்லாத பக்கம் குறைவு. டவரைப் படம் எடுக்கும்போது முகாம் வேலியோ காவலரணோ அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகாமுக்குள் இருக்கும் அன்டெனாவைப் படம் எடுக்கவே வேண்டாம். எழுத்தில் குறித்தால் போதும்.

கூடவே நாட்குறிப்பு ஒன்று தொடங்குங்கள். எந்த நாள் தலையிடி, எத்தனை மணிக்கு, அன்றைக்கு நித்திரை எப்படி, டவரின் ஜெனரேற்றர் ஓடியதா, காற்று எந்தப் பக்கம். கச்சான் வீசும் மாதங்களில் ஒரு பக்க வீடுகளுக்கும், வாடை வீசும்போது மறுபக்க வீடுகளுக்கும் புகை போகும். இந்த ஒரு குறிப்பு பின்னால் எங்களுக்கு மிகவும் உதவியது.

3. ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தால் எடுங்கள்

இதுதான் அதிக நாள் பிடிக்கும் படி. ஆகவே முதல் கிழமையிலேயே தொடங்கிவிடுங்கள்; பதில் வரும்வரை மற்றப் படிகளைச் செய்யலாம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டப்படி, இலங்கைப் பிரசை யாரும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான எழுத்து வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். தபால் என்றால் பதிவுத் தபால் மட்டும்.

இரண்டு இடங்களுக்கு வெவ்வேறாக அனுப்பவேண்டும். ஒன்று உங்கள் பகுதிக்குரிய உள்ளூராட்சி மன்றம்: கட்டுமான அனுமதி, இடத்தின் வரைபடம், விதித்த நிபந்தனைகள் அங்கே. மற்றது கொழும்பிலுள்ள இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அதிர்வெண், அன்டெனா, அளவீடு பற்றியவை அங்கே. பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் நான் நடந்த நடை வீண். அங்கே இருப்பவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் கோப்பு அவர்களிடம் இல்லை.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "இந்த டவரால் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருமா?" என்று கேட்டால் அது தகவல் அல்ல, அபிப்பிராயம், அவர்கள் பதில் தரவேண்டியதில்லை. இப்படிக் கேளுங்கள்: இந்த முகவரியில் உள்ள டவருக்கு வழங்கிய அனுமதிக் கடிதத்தின் பிரதி. அனுமதி வழங்கிய திகதி. அன்டெனாக்கள் இயங்கும் அதிர்வெண்கள். எந்தப் பாதுகாப்பு எல்லை பின்பற்றப்படுகிறது என்பதைக் காட்டும் ஆவணம். இந்த இடத்திலோ அருகிலோ செய்த அளவீடுகளின் அறிக்கைகள். ஜெனரேற்றர் வைக்க அனுமதி இருந்தால் அதன் நிபந்தனைகள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு எழுதுங்கள். இலக்கம் போட்டால் ஒன்றைத் தவறவிட்டுப் பதில் எழுதுவது கடினம்.

நாட்கணக்கு இதுதான். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். தருவதென்றால் அடுத்த 14 நாளுக்குள் தரவேண்டும். பெரிய கோப்பென்றால் மேலும் 21 நாள் நீடிக்கலாம். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும். அதற்கும் மேலே தகவல் உரிமைக்கான ஆணைக்குழு. அங்கே போக இரண்டு மாத அவகாசம் உண்டு. இந்த நாட்களைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். நான் ஒரு மேன்முறையீட்டை இரண்டு நாள் பிந்தி அனுப்பியதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது.

"வணிக இரகசியம்" என்று மறுக்கக்கூடும். மறுத்தால் சட்டத்தின் 5 ஆம் பிரிவின் 4 ஆம் உட்பிரிவைச் சுட்டி எழுதுங்கள்: வெளியிடுவதிலுள்ள பொதுநலன் அதனால் வரும் தீங்கைவிட மேலோங்கினால் மறுக்கமுடியாது.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. போட்டோ கொப்பிக்குப் பக்கக் கணக்கில் சிறு தொகை கேட்பார்கள். எனக்குப் பதிவுத் தபால், கொப்பி, பஸ் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. கொழும்புக்கு இரவு ரயிலில் ஒருதடவை போனேன். போயிருக்கத் தேவையே இல்லை. தபாலில் எல்லாம் நடக்கும்.

4. அளப்பது: இங்கேதான் காசும் மனமும் போகும்

முதலில் தொலைபேசிச் செயலிகளைத் தள்ளிவையுங்கள். "கதிர்வீச்சு அளவி" என்ற பெயரில் இருப்பவை தொலைபேசிக்குள் உள்ள திசைகாட்டி உணரியைத்தான் வாசிக்கின்றன. அதற்கு டவரின் ரேடியோ அலை தெரியாது. என் தொலைபேசியில் 40 மைக்ரோடெஸ்லா என்று காட்டியது. அதே கிழமை, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று ஒரு கட்டுரையில் வாசித்திருந்தேன். நூறு மடங்கு! அன்றிரவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அன்புவழிபுரத்திலுள்ள மாமி வீட்டுக்குப் போய்விட்டோம். அந்த 40, பூமியின் சொந்தக் காந்தப்புலம். இலங்கையில் எங்கே நின்றாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் காட்டும். அது மாறாத புலம். கட்டுரை சொன்னது நொடிக்கு 50 தரம் முன்னும் பின்னுமாக அலையும் புலத்தை. இரண்டையும் ஒப்பிடவே கூடாது. யாராவது உங்களிடம் இப்படி ஒரு படத்தைக் காட்டினால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது பொறி வாடகைக்கு வந்து அளப்பவர்கள். ஒருவர் கையடக்கக் கருவியோடு வந்து 8,000 ரூபாய் வாங்கினார். கருவி கீச்சிட்டது, சிவப்பு விளக்கு எரிந்தது, "மிகவும் அபாயம்" என்றார், போகும்போது தொலைபேசியில் ஒட்டும் ஸ்டிக்கரை விற்றார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. அளவிட வருபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: கருவியின் பெயர், அது எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை அளக்கும், கடைசியாக அளவுத்திருத்தம் செய்த சான்றிதழ், எத்தனை நிமிடச் சராசரி, அறிக்கையில் இடமும் நேரமும் இருக்குமா. ஒன்றுக்குப் பதில் தயங்கினாலும் வேண்டாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கே எழுதி, உங்கள் இடத்தில் அளவீடு செய்யும்படி கேளுங்கள். கேட்கும்போது இரவு எட்டு மணிபோல, எல்லோரும் தொலைபேசி பாவிக்கும் நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அலகு. ரேடியோ அலைக்கு ஒருவர் வாட் பங்கு சதுர மீட்டரில் (ஒரு சதுர மீட்டரில் எத்தனை வாட் விழுகிறது என்று) சொல்வார், ஒருவர் மைக்ரோவாட் பங்கு சதுர சென்றிமீட்டரில் சொல்வார், ஒருவர் வோல்ட் பங்கு மீட்டரில் சொல்வார். 1 வாட் பங்கு சதுர மீட்டர் என்பது 100 மைக்ரோவாட் பங்கு சதுர சென்றிமீட்டர். 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு 1 மைக்ரோடெஸ்லா என்பது 10 மில்லிகாஸ். இந்த இரண்டு வரியையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒப்பிட வேண்டிய எல்லை, அயனாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு தந்தது. சுருக்கமாக இக்னிர்ப் என்பார்கள். பொதுமக்களுக்கு 900 மெகாஹேர்ட்ஸில் 4.5 வாட், 1800 இல் 9 வாட், 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் 10 வாட், எல்லாம் பங்கு சதுர மீட்டர். 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு 1998 இல் 100 மைக்ரோடெஸ்லா என்றிருந்ததை 2010 இல் 200 ஆக்கினார்கள். ரேடியோ அலைக்கான வழிகாட்டியை 2020 இல் புதுப்பித்தார்கள். இந்தியா 2012 இல் தன் எல்லையைப் பத்தில் ஒன்றாக்கியது. வட்ஸ்அப்பில் வரும் தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் அந்த எண்ணைத்தான் சொல்கின்றன. இந்திய எண்ணை வைத்து இங்கே "சட்டமீறல்" என்று எழுதினால் கடிதம் நிற்காது. ஆனால் "இன்னொரு நாடு கூடுதல் கவனம் எடுத்திருக்கிறது" என்று எழுதலாம், அது உண்மை.

எங்கள் படுக்கையறையில் கடைசியில் முறையாக அளந்தபோது வந்தது எல்லையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் தாளைத் தங்கை மூன்று தரம் வாசித்தாள்.

5. ஆய்வுகளை வாசிப்பது, எந்த வரிசையில்

தனி ஆய்விலிருந்து தொடங்காதீர்கள். நான் அறுபது கட்டுரைகளை இறக்கி வைத்து, ஒன்று ஒன்றை மறுக்க, தலை சுற்றிப் போனேன். முதலில் பல ஆய்வுகளைச் சேர்த்து நிறுத்துப் பார்த்த மீளாய்வுகள், பிறகு அவை சுட்டும் பெரிய ஆய்வுகள், கடைசியாகத்தான் தனிக் கட்டுரைகள்.

உலக சுகாதார நிறுவனம் 1996 இல் தொடங்கிய மின்காந்தப் புலத் திட்டத்தின் பக்கங்கள் நல்ல தொடக்கம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் நடத்தும் இஎம்எஃப் போர்ட்டல் என்ற தரவுத்தளம் இந்த ஒரு விடயத்துக்காகவே இருக்கிறது, இலவசம். அதிர்வெண்ணை வைத்துத் தேடலாம். மருத்துவக் கட்டுரைகளுக்குப் பப்மெட், அதுவும் இலவசம். முழுக் கட்டுரைக்குக் காசு கேட்டால் கட்டாதீர்கள். எழுதிய ஆய்வாளருக்கு மின்னஞ்சல் போட்டால் பலர் அனுப்பிவைப்பார்கள். எனக்கு இருவர் அனுப்பினார்கள்.

நீங்கள் முதலில் முட்டப்போகும் சொல் "2பி". புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 50 ஹேர்ட்ஸ் வகைக் காந்தப்புலத்தை 2002 இலும், ரேடியோ அலையை 2011 இலும் இந்தப் பிரிவில் வைத்தது. "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்று பொருள். இந்தப் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கின்றன, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. நாங்கள் மென்று துப்பும் பாக்கு முதலாம் பிரிவு: அது புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி. டீசல் புகையும் 2012 இலிருந்து முதலாம் பிரிவு. டவருக்கு எதிராகக் கையெழுத்து வாங்க வந்த பெரியவர் ஒருவரிடம் வெற்றிலையை விடும்படி கெஞ்சினேன். அந்த அக்கறை எனக்கு இன்னும் இருக்கிறது.

பிறகு எண்கள். 50 ஹேர்ட்ஸில் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய் பற்றி 2000 இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்ட வீடுகளில் வாழ்ந்த பிள்ளைகளிடம் நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு பதிவாகியிருந்தது. அப்படிப்பட்ட வீடுகள் நூற்றில் ஒன்றுகூட இல்லை. காரணம் புலம்தானா என்பதை ஆய்வுகூடச் சோதனைகள் உறுதிசெய்யவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007 இல் சொன்னதன் சாரம்: காரணம் என்று சொல்லப் போதாது, கவலையை விட்டுவிடவும் முடியாது. எனவே ட்ரான்ஸ்போமர் சுவரோடு பிள்ளையின் கட்டில் இருந்தால் எதிர்ச்சுவருக்கு இழுத்துவிடுங்கள். ஒரு சதமும் செலவில்லை.

கைத்தொலைபேசியில் 13 நாடுகள் சேர்ந்து செய்த இன்டர்ஃபோன் ஆய்வு 2010 இல் வந்தது. இதை இரண்டு தரப்பும் தமக்குச் சாதகமாக வெட்டி எடுக்கும். வாழ்நாளில் 1640 மணித்தியாலத்துக்கு மேல் பேசியவர்களிடம் கிளையோமா என்ற மூளைக்கட்டி 40 சதவீதம் கூடுதல் என்று ஒரு வரி. வழமையாகப் பேசுபவர்களிடம் 19 சதவீதம் குறைவு என்று இன்னொரு வரி. தொலைபேசி கட்டியைத் தடுக்கிறதா? இல்லை. யார் ஆய்வில் சேர்ந்தார்கள், பழைய பேச்சை எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருந்தார்கள் என்பதில் உள்ள கோணல் இரண்டு எண்ணையும் பாதித்திருக்கலாம். ஆய்வாளர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

2018 இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் கைத்தொலைபேசி வகை ரேடியோ அலையை எலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வு அடுத்தது. நாளுக்கு 9 மணித்தியாலம், இரண்டு வருடம். ஆண் எலிகளின் இதயத்தில் கட்டி கூடியது. உடல் முழுவதுக்கும் கொடுத்த அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.5 முதல் 6 வாட். மனிதருக்கான பொது எல்லை 0.08. அதே எலிகள் கதிர் படாத எலிகளைவிட நீண்டகாலம் வாழ்ந்தன என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும்.

2024 இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்வித்த மீளாய்வு 22 நாடுகளின் 63 ஆய்வுக்கட்டுரைகளை நிறுத்துப் பார்த்தது. கைத்தொலைபேசிக்கும் மூளைக்கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை. டவர், ஒலிபரப்புக் கோபுரம் போன்றவற்றால் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய் கூடுவதாகவும் தெரியவில்லை; ஆனால் அதில் ஆதாரத்தின் உறுதி நடுத்தரம் என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். என் தங்கையின் தாளிலிருந்த கேள்விக்கு மிக நெருங்கிய பதில் இதுதான். அதை நான் ஆறாவது மாதத்தில் அல்ல, முதல் கிழமையில் வாசித்திருக்கவேண்டும்.

ஆங்கிலம் வராதவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது மூன்று சொற்களில் விழிப்பாக இருங்கள். "புலம்" என்பதை அது "வயல்" என்று தரும். ஒப்பீட்டுக்காக வைத்த குழுவைக் "கட்டுப்பாட்டுக் குழு" என்று எழுதும். அங்கே யாரும் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. மிக மோசமானது "குறிப்பிடத்தக்க அதிகரிப்பு". அது தற்செயலாக வந்த வேறுபாடாக இருப்பது அரிது என்ற கணக்கு. பெரிய அதிகரிப்பு என்று அர்த்தம் அல்ல. உயர்தரத்தில் புள்ளிவிபரம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் அரை மணித்தியாலம் கேட்டால் தெளிந்துவிடும்.

யார் காசு கொடுத்த ஆய்வு என்றும் பாருங்கள், கட்டுரையின் கடைசியில் இருக்கும். தொலைபேசிக் கம்பனியின் காசும் சரி, பாதுகாப்பு உறை விற்பவரின் காசும் சரி, ஒரே கண்ணால் பாருங்கள்.

6. உடம்பை வைத்தியரிடம் காட்டுங்கள், இன்றைக்கே

இதை ஆறாவதாக எழுதினாலும் செய்யவேண்டியது முதல் நாளில். தலையிடிக்கு டவர்தான் காரணம் என்று முடிவுகட்டிக்கொண்டு என் அம்மா பிரஷரைப் பார்க்காமல் நாலு மாதம் இருந்தா. பார்த்தபோது மேல் எண் 180 ஐத் தாண்டியிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் இருந்தாலோ, வெளிறிப்போனாலோ, அடிபடாமலே நீலத் தழும்பு வந்தாலோ, எலும்பு நோகிறது என்றாலோ, டவரைப் பற்றி யோசித்து நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள்.

தலையிடி, நித்திரையின்மை, உடல் எரிவு என்று மின்காந்தப் புலத்தால் வருவதாக உணர்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படும் வேதனை உண்மை. ஆனால் புலம் இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்கும் சோதிப்பவருக்கும் தெரியாமல் செய்த 46 பரிசோதனைகளை 2010 இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அவர்களால் அதைப் பிரித்தறிய முடியவில்லை. பொய்யாக "இப்போது போட்டிருக்கிறோம்" என்றபோதும் அறிகுறிகள் வந்தன. ஆகவே "பொய் சொல்கிறாய்" என்று யாரையும் ஒதுக்காதீர்கள், வேறு காரணம் தேடாமலும் விடாதீர்கள்.

7. ஒழுங்கையில் எத்தனை பேருக்கு நோய் என்று எண்ணுவது பற்றி

வீடுவீடாகப் போய்ப் புற்றுநோயாளர் பெயர்களை எழுதினேன். செய்யாதீர்கள். மார்பு, வாய், குடல், இரத்தம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டால் எந்த ஒழுங்கையிலும் நாலைந்து பேர் வருவார்கள். அவை வெவ்வேறு காரணம் கொண்ட வெவ்வேறு நோய்கள். டவர் வந்து ஒரு வருடம்கூட ஆகாத இடத்தில், பல வருடம் எடுத்து வளரும் கட்டியை அதன் தலையில் போடவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண்ணின் நோய் என் கொப்பியிலிருந்து ஊருக்குத் தெரிந்துபோனது. அதற்காக அவவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரே வகை நோய், கிட்டத்தட்ட ஒரே வயது, குறுகிய காலத்தில் பலருக்கு என்று தெரிந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் எழுத்தில் கொடுங்கள். எண்ணுவது அவர்களின் வேலை, வழியும் அவர்களுக்குத் தெரியும்.

8. கடைசிக் கடிதத்தில் எதைக் கேட்பது

"டவரை அகற்று" என்று ஒற்றை வரியில் கேட்டால், எல்லைக்குள் இருக்கிறது என்று ஒற்றை வரியில் பதில் வரும். கையிலிருக்கும் ஆவணம், அளவீடு, நாட்குறிப்பு மூன்றும் எதைத் தாங்குமோ அதைக் கேளுங்கள். எங்கள் நாட்குறிப்பில் அம்மாவுக்குத் தலையிடி கூடிய நாட்கள் பெரும்பாலும் கரண்ட் நின்று ஜெனரேற்றர் ஓடிய நாட்களாக இருந்தன, அதுவும் காற்று எங்கள் பக்கம் வீசிய நாட்கள். மாரி மழையில் கரண்ட் அடிக்கடி நிற்கும். நாங்கள் கேட்டவை நாலு: புகைக்குழாயை உயர்த்தி வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் திருப்புவது, இரைச்சல் குறைக்கும் உறை, வருடம் ஒருமுறை அளந்து அறிக்கையை மன்றத்தில் ஒட்டுவது, அன்டெனா கூட்டினால் முன்கூட்டி அறிவிப்பது. கடிதத்தில் எட்டு வீடுகள் கையெழுத்து வைத்தன. முதல் இரண்டும் ஏழு கிழமையில் நடந்தன. வருடாந்த அளவீட்டு அறிக்கைக்காக இப்போது மேன்முறையீட்டில் நிற்கிறேன்.

வீட்டில் நாங்கள் மாற்றியவை: தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைப்பதில்லை, நீண்ட பேச்சு என்றால் இயர்போன், சிக்னல் ஒரு கோடாக இருக்கும் பின்னறையில் பேசுவதில்லை. ஸ்டிக்கரைக் கழற்றி எறிந்துவிட்டோம். சிக்னலை மறைக்கும் எதுவும் தொலைபேசியைக் கூடுதல் சக்தியில் இயங்கவைக்கும். பிள்ளையின் யன்னல் திரும்பவும் திறந்திருக்கிறது.

கோப்பைத் தூக்கிப்போடாதீர்கள். அன்டெனா கூட்டும் நாளில் இன்றைய அளவீடுதான் ஒப்பிட இருக்கும் ஒரே தாள். இரண்டு போட்டோ கொப்பி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். மாரியில் எங்கள் அலுமாரிக்குள் வெள்ளம் வந்து முதல் கொப்பி முழுக்க நனைந்துபோனது.